வெயில்ல வந்து பாரு

அவர் முன்னால் ‘நீலம்’ என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. “என்ன நீலம்?” என்று கேட்பார். “சாதா நீலம்தான் அக்கா” என்றால் தொலைந்தோம். சாதா நீலம் என்று ஒன்று உலகத்திலேயே கிடையாது என்று காட்டுவதற்காக உள்ளே போய் ஐந்தாறு துணிகளை அள்ளிக்கொண்டு வந்து மேசையில் பரப்புவார். அதற்குள் நம் பஸ் போய்விடும். அவருக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு சேலைக் கடையின் பின்பகுதியில் ரவிக்கைத் துணிகளுக்கு நடுவே நின்றவர் அவர். நாம் சேலையைக் கொண்டுபோய் நீட்டினால், அதற்குப் பொருந்துகிற துணியையும் நூலையும் கண்ணாலேயே தேடி எடுத்துக் கொடுப்பதுதான் வேலை. வட்டாரம் முழுக்க அவருக்கு ‘மேட்சிங் அக்கா’ என்று பெயர். முதலாளி அப்படித்தான் கூப்பிடுவார், பக்கத்துப் பூக்கடைக்காரர் அப்படித்தான், நானும் அப்படித்தான். அப்பா அம்மா வைத்த பெயர் என்ன என்று கேட்க எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. இதை இப்போதே சொல்லி வைக்கிறேன். பின்னால் இதற்காக நான் நன்றாகப் பட்டேன்.

ஐம்பதை ஒட்டிய வயது. ஒல்லியான உடம்பு. கடையில் நிற்கும்போது எப்போதும் சாம்பல் நிறச் சேலைதான். இத்தனை நிறத்துக்கு நடுவே நிற்கிறீர்களே, ஒரு நல்ல கலர் கட்டக் கூடாதா என்று கேட்டேன்.

“நான் கலர் கட்டிக்கிட்டு நின்னா பக்கத்துல வர்ற துணி பொய் சொல்லும்மா” என்றார்.

அவரோடு எனக்கு முதல் சண்டை என் தம்பி கல்யாணத்துக்கு வந்தது. சேலை எடுத்தாயிற்று, ரவிக்கைக்குத் துணி வேண்டும். பச்சைச் சேலை, பச்சைத் துணி, ஐந்து நிமிட வேலை என்று நினைத்துக்கொண்டு போனேன். அவர் சேலையை ஒரு தடவை தடவிப் பார்த்தார். “இது பச்சை இல்லியே. ட்யூப் லைட்டுல ஒண்ணும் தெரியாது. வெயில்ல வந்து பாரு” என்று முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டே வெளியே போனார். மறுமுனை என் கையில். நானும் பின்னாலேயே ஓடினேன். கடைக்கு முன்னால் இருந்த அஞ்சடி நடைபாதையின் விளிம்பில், மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவே, அவர் சேலையைத் தூக்கிப் பிடித்தார். உள்ளே பச்சையாக இருந்தது வெளியே நீலம் கலந்து வேறு எதுவாகவோ இருந்தது. அதற்கு அவர் ஒரு பெயர் சொன்னார். மறந்துவிட்டது.

பதினொரு துணிகளை அந்த வெயிலுக்குத் தூக்கிவந்து பார்த்தார். கடைசியில், “இல்ல. ரெண்டு வாரம் கழிச்சு வா, புதுச் சரக்கு வரும்” என்றார்.

“நாளன்னைக்குக் கல்யாணம் அக்கா!”

“அப்ப வேற சேலை கட்டிக்க.”

கல்லாவிலிருந்து முதலாளி கத்தினார். “ஏதாவது ஒண்ணைக் கிழிச்சுக் குடு லா! கஸ்டமர் நிக்கிறாங்க!”

“ஏதாவது ஒண்ணு நம்ம கடையில இல்ல முதலாளி” என்றார் அவர், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

எனக்கு வந்த கோபத்தில் நாலு கடை தள்ளிப் போய் முதலில் கண்ணில் பட்ட பச்சையை வாங்கித் தைத்துக்கொண்டு கிள்ளானில் கல்யாண மண்டபத்தில் போய் நின்றேன். பிறகு ஒருநாள் கல்யாண ஆல்பத்தை அவரிடம் காட்டினேன். நான் இருக்கும் பக்கம் வந்ததும் நிறுத்தி, “பாவம்” என்றார். என்னைச் சொன்னாரா சேலையைச் சொன்னாரா என்று கேட்கவில்லை. அன்றிலிருந்து அந்த ஆல்பத்தில் எனக்கு மாப்பிள்ளை தெரிவதில்லை, பெண் தெரிவதில்லை, என் ரவிக்கைதான் தெரிகிறது.

இப்படிப்பட்டவர் படம் வரைவார் என்பது எனக்கு ரொம்ப நாள் தெரியாது. வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் கோயில் பக்கத்துப் பூக்கடை ஓரத்தில் ஒரு பிஸ்கட் டின்னோடு உட்கார்ந்திருப்பார். டின்னுக்குள் உள்ளங்கை அகலத்துக்குச் சின்னச் சின்ன அட்டைகள். சேலை மடிப்புக்குள் வைத்து வருகிற அட்டையை வெட்டி, அதில் வாட்டர் கலரில் வரைந்தவை. எல்லாமே ஒரே விஷயம்தான். துணி காய்கிற படம்.

அவர் வாடகைக்கு இருந்த அறையின் ஜன்னலுக்கு எதிரே நாலு மாடி பிளாட் ஒன்று இருந்தது. அங்கே ஒவ்வொரு வீட்டிலிருந்தும் மூங்கில் கழியை வெளியே நீட்டித் துணி காயப் போடுவார்கள். அதைத்தான் அவர் வரைந்தார். “ஆளு மூஞ்சி எனக்கு வராது. துணி வரும்” என்பார். ஆனால் அந்தப் படங்களில் ஆட்கள் இருந்தார்கள். நர்ஸ் வெள்ளைக்குப் பக்கத்தில் ஒரு காக்கிச் சட்டை. இடைநிலைப்பள்ளிப் பெண்கள் போடுகிற பச்சை கலந்த நீல பினாபோர் இரண்டு, ஒன்று பெரிது, ஒன்று சிறிது. இன்னொரு படத்தில் அதே கழியில் காக்கிச் சட்டை இல்லை. “அந்த மனுஷன் போயிட்டாரு. எங்கன்னு தெரியாது” என்றார். எனக்குச் சட்டென்று கண் நிறைந்துவிட்டது. ஒரு சட்டை இல்லாத படத்தைப் பார்த்து அழுதேன் என்று யாரிடம் சொல்வது?

கோயிலுக்கு வருகிறவர்கள் குனிந்து பார்த்துவிட்டு, “சாமி படம் இல்லியா ஆன்டி?” என்று கேட்டுவிட்டுப் போவார்கள். சில பெண்கள் துணி காயப்போடுகிற படத்தைக் கையில் வைத்துக்கொண்டே, வீட்டில் ஊறப்போட்ட துணி ஞாபகம் வந்து அவசரமாகப் போவார்கள். வாங்கியது பெரும்பாலும் வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணிகள். அதில் ஒருவன்தான் இதையெல்லாம் இன்டர்நெட்டில் போடச் சொல்லியிருக்கிறான். அதுவும் தொண்ணூறுகளின் கடைசிதான், ஊரில் பாதிப் பேருக்கு அது என்னவென்றே தெரியாது. அடுத்த சனிக்கிழமை மத்தியானம், கடையில் சாப்பாட்டு நேரத்தில், பிஸ்கட் டின்னோடு, அதே தெருவில் இருந்த என் கடை மாடிப்படி ஏறி வந்துவிட்டார்.

என் அப்பா நடத்திய தட்டச்சுப் பயிலகம் அது. தட்டச்சு படிக்க ஆள் வராமல் போனதும் மெஷின்களை மூலையில் அடுக்கிவிட்டு ஐந்து கம்ப்யூட்டர் போட்டு சைபர் கபே ஆக்கியிருந்தேன். டெலிபோன் வழியாக இணைப்பு, கீச்சு கீச்சென்று கத்திவிட்டுத்தான் கிடைக்கும். பழைய ஸ்கேனர் ஒன்றும் இருந்தது.

“உலகமே பாக்குமாமே. போட்டுக் குடும்மா” என்றார்.

முதல் படத்தை ஸ்கேன் செய்து திரையில் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். “இது யாரோட படம்?”

“உங்களோடதுதான் அக்கா.”

“நான் இந்த நீலம் போடலியே.”

பினாபோரின் பச்சை கலந்த நீலத்தை அந்த ஸ்கேனர் வெறும் நீலமாக்கியிருந்தது. சரி, கம்ப்யூட்டரில் நிறத்தைக் கூட்டிக் குறைக்கலாம் என்று உட்கார்ந்தேன். பினாபோர் சரியானால் நர்ஸ் வெள்ளை பச்சையடித்தது. வெள்ளையைத் திருத்தினால் மாம்பழ மஞ்சள் சேலை செத்துப்போனது. “இன்னும் கொஞ்சம்... இல்ல, தாண்டிட்ட... திரும்பிப் போ” என்று காதுக்குப் பக்கத்தில் சொல்லிக்கொண்டே இருப்பார். நாலு சனிக்கிழமை இப்படிப் போனது. நாலு சனிக்கிழமையும் எனக்குத் தலைவலி.

ஐந்தாவது வாரம் அவருக்கு ஒரு யோசனை வந்தது. “இங்க வெளிச்சம் சரியில்ல. அந்தப் பொட்டியை வெயிலுக்குத் தூக்கிட்டுப் போகலாம்.”

“மானிட்டரையா?”

“ஆமா. உள்ள வச்சுப் பாத்தா எப்படித் தெரியும்?”

முடியாது என்றேன். அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். ஏர்கான் குளிர்ச்சி போகாமல் இருக்க நான் போட்டிருந்த கனத்த திரையை ஒரே இழுப்பில் விலக்கிவிட்டார். மத்தியான வெயில் நேராக மானிட்டரில் விழுந்தது. படம் மறைந்து, கண்ணாடியில் அவர் முகமும் என் முகமும்தான் தெரிந்தன. அரட்டை அடித்துக்கொண்டிருந்த கல்லூரிப் பிள்ளைகள் நாலு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

“எங்க போச்சு?” என்று கேட்டார் அக்கா. அவர் குரலில் நிஜமான பயம் இருந்தது. வாழ்க்கை முழுக்க எந்த வெயிலை நம்பினாரோ அது இங்கே உதவவில்லை.

நான் பொறுமை இழந்தேன். “உங்க கண்ணு சொல்றதை இந்த மெஷின் கேக்காது அக்கா! வேணும்னா மெஷினுக்குப் பிடிச்ச மாதிரி வரைஞ்சு கொண்டு வாங்க!”

கோபத்தில் சொன்னது. யாராக இருந்தாலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போயிருப்பார்கள். அவர் அதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டு போனார்.

அடுத்த வாரம் ஓர் அட்டையில் வரிசை வரிசையாகச் சின்னச் சதுரங்கள் வரைந்து ஒவ்வொன்றிலும் ஒரு நிறம் தீட்டி எடுத்துவந்தார். ஸ்கேன் செய்யச் சொன்னார். எந்தச் சதுரம் திரையில் என்னவாக மாறுகிறது என்று பக்கத்திலேயே தமிழில் குறித்துக்கொண்டார். இப்படி மூன்று அட்டை. எனக்குச் சிரிப்புதான் வந்தது. பெரிய அச்சகங்களில் இதையேதான் செய்கிறார்கள் என்று பல வருஷம் கழித்துத் தெரிந்தபோது சிரிப்பு வரவில்லை.

ஒரு மாதம் கழித்துப் பன்னிரண்டு படங்களோடு வந்தார். பழைய படங்களையே புதிதாக, மெஷினுக்காக வரைந்திருந்தார். கையில் வாங்கிப் பார்த்ததும் திடுக்கிட்டேன். பினாபோர் பாசி நிறத்தில் இருந்தது. வெள்ளையில் ரோஸ் ஓடியது. மஞ்சள் கண்ணைக் குத்தியது. எல்லாத் துணிக்கும் காமாலை வந்த மாதிரி இருந்தது. ஸ்கேனரில் வைத்தேன். திரையில் மெல்ல, மேலிருந்து கீழாக, படம் இறங்கி வந்தது. பினாபோர் பினாபோராக வந்தது. வெள்ளை வெள்ளையாக வந்தது.

“இதான்” என்றார். பிறகு சிரித்தார். அவர் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

பக்கம் தயாரானது. பன்னிரண்டு படங்கள், கீழே என் கடை மெயில் முகவரி. தலைப்பில் உங்கள் பெயரைப் போடலாமா என்று கேட்டதற்கு, “மேட்சிங்னு போடு, போதும்” என்றார். நானும் போட்டேன். பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ள அதைவிட நல்ல சந்தர்ப்பம் எனக்கு வாய்த்திருக்காது.

நிம்மதி மூன்று வாரம்தான். ஒரு திங்கட்கிழமை காலை, பசியாறக்கூட விடாமல் வந்து நின்றார். முந்தின நாள் கிள்ளானுக்கு உறவுக்காரர் வீட்டுக்குப் போனவர், அங்கே ஒரு சைபர் கபேயில் நுழைந்து தன் பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லியிருக்கிறார்.

“கிள்ளான்ல என் படம் எல்லாம் வெந்து போய்க் கிடக்கு. வெள்ளை எல்லாம் செவப்பு!”

“அது அவங்க மானிட்டர் அக்கா. ஒவ்வொரு மானிட்டர்லயும் ஒவ்வொரு மாதிரி தெரியும்.”

“அப்ப எது சரி?”

“சரின்னு ஒண்ணு இல்ல அக்கா.”

அவரிடம் நான் சொன்னதிலேயே மோசமான வாக்கியம் அது. முகம் சுருங்கிவிட்டது. அதோடு விட்டாரா? இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி ஊர் ஊராகப் போய்த் தன் படத்தைத் தானே பார்க்கத் தொடங்கினார். ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தில் குறிப்பு வேறு. ‘காஜாங் – மஞ்சள் தூக்கல். பந்திங் – இருட்டு, பழைய பொட்டி. கம்போங் மேடான் – பரவாயில்லை, நர்ஸ் வெள்ளை மட்டும் அழுக்கு.’ காஜாங்கில் கடைக்காரனிடம் மானிட்டரைத் திருத்தச் சொல்லிச் சண்டை போட, அவன் வெளியே அனுப்பியிருக்கிறான். அதையும் என்னிடம் வந்து சொன்னார், நியாயம் கேட்கிற மாதிரி. “உலகத்துல எத்தனை பொட்டி இருக்கும்மா?” என்று ஒருநாள் கேட்டார். கோடிக்கணக்கில் என்றேன். அன்று நோட்டுப் புத்தகத்தை மூடிக்கொண்டு போய்விட்டார்.

இந்த நிலையில்தான் அந்த மெயில் வந்தது.

குளிர் தேசம் ஒன்றிலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தார். தமிழில் மெயில் தட்ட அப்போது வழியில்லை, ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். அக்கா ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் படித்தவர், ஆங்கிலம் வராது. நான்தான் படித்துச் சொல்ல வேண்டும். அந்தப் பெண் ஒரு காலத்தில் அக்கா ஜன்னலுக்கு எதிரே இருந்த அதே பிளாட்டில் மூன்றாம் மாடியில் இருந்தவர். அம்மாவையும் அழைத்துக்கொண்டு போய் அங்கே குடியேறியிருக்கிறார். அம்மா போய்ச் சேர்ந்து கொஞ்ச காலம் ஆகிறது. ‘ஐந்தாவது படத்தில் நடுவில் காய்கிற மெரூன் சேலை என் அம்மாவுடையது. அது எங்கள் வீடுதானே? அந்தப் படம் எனக்கு வேண்டும்’ என்று எழுதியிருந்தார்.

ஐந்தாவது படத்தில் மெரூன், அதாவது அரக்கு நிறமே கிடையாது. நடுவில் இருந்தது கத்தரிப்பூ நிறச் சேலை. எனக்கு உடனே புரிந்துவிட்டது, அந்தம்மாவின் மானிட்டர் செய்கிற வேலை. அக்கா பக்கத்தில் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். மெரூன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இன்னொரு மூன்று மாதம் சதுரம் சதுரமாக அட்டை வரும். எனக்குத் தெம்பு இல்லை. அந்த ஒரு வார்த்தையை விழுங்கிவிட்டு, “நடுவுல உள்ள சேலை அவங்க அம்மாவோடதாம் அக்கா” என்று மட்டும் படித்தேன்.

“அவங்க அம்மாவோடதா!” என்று உட்கார்ந்துவிட்டார். “நாலஞ்சு வருஷம் முன்னால வரைஞ்சது. அந்தச் சேலை வாரா வாரம் செவ்வாய்க்கிழமை காயும்.”

மெஷினுக்கு வரைந்ததை அனுப்ப அவருக்கு மனமில்லை. ஜன்னலில் உட்கார்ந்து அந்தச் சேலையைப் பார்த்துக்கொண்டே வரைந்த பழைய படத்தைத் தேடி எடுத்தார். வெயிலில் ஒரு தடவை பார்த்துவிட்டு, இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்துக் கட்டி, தபாலில் சேர்த்தார். அன்று எனக்கு வடையும் டீயும் வாங்கிக் கொடுத்தார். “பொட்டி பொய் சொன்னா என்னா, கைக்குப் போய்ச் சேர்றது சரியா இருக்கும்ல” என்றார். நான் வடையைப் பாதியில் வைத்துவிட்டேன்.

படம் திரும்பி வந்தது.

உள்ளே ஒரு கடிதம், கையால் எழுதியது, தமிழில். அதை அக்கா தானே படித்துவிட்டார். ‘நீங்கள் அனுப்பியது வேறு படம். நான் கேட்டது அரக்கு நிறச் சேலை உள்ள படம். மெயிலிலேயே தெளிவாக எழுதியிருந்தேனே. அம்மாவின் சேலை இன்னும் என் பெட்டியில் இருக்கிறது, அதன் நிறம் எனக்குத் தெரியாதா?’

கடிதத்தையும் படத்தையும் என் மேசையில் வைத்தார். “நீ படிச்சப்ப அரக்குன்னு இருந்துச்சா?”

பொய் சொல்லப் பார்த்தேன். அந்தக் கண்களுக்கு முன்னால் முடியவில்லை. “இருந்துச்சு அக்கா.”

அவர் கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். கத்தவில்லை. “உன் தம்பி கல்யாணத்துக்கு அன்னைக்கு நானும் ஏதாவது ஒண்ணைக் கிழிச்சுக் குடுத்திருக்கலாம்” என்றார். “குடுக்கல இல்ல?”

எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போல இருந்தது.

பிறகு அவரே சொன்னார். “அவங்களுக்கு ஒண்ணு எழுது. அம்மா சேலையில முந்தானை ஓரத்துல ஒரே ஒரு நூலு உருவி அனுப்பச் சொல்லு. நூலைப் பாத்தா நான் சரியாப் போட்டுக் குடுத்துடுவேன். இதையாச்சும் ஒழுங்கா எழுது.” கடையில் தினமும் செய்கிற காரியம் அது. சேலையைத் தூக்கி வர முடியாதவர்கள் ஒரு நூலைக் காகிதத்தில் சுற்றி அனுப்புவார்கள், அவர் அதை வைத்தே பொருத்திவிடுவார்.

சரி என்றேன். எழுதவில்லை.

ஏன் எழுதவில்லை என்று இன்றுவரை என்னையே கேட்டுப் பார்க்கிறேன். வெட்கம் ஒரு பக்கம். இறந்துபோன அம்மாவின் சேலையில் யார் நூல் உருவித் தருவார்கள் என்ற அலுப்பு ஒரு பக்கம். நாளைக்கு, நாளைக்கு என்று மூன்று வாரம் ஓடியது. இரண்டு சனிக்கிழமை வந்து, “பதில் வந்துச்சா?” என்று கேட்டார். “வரல அக்கா” என்றேன். மூன்றாவது சனிக்கிழமை அதையும் கேட்கவில்லை. “அந்தப் பக்கத்தை எடுத்துடும்மா. பொய்யா ஒண்ணு ஊரெல்லாம் தொங்க வேணாம்” என்றார். எடுத்துவிட்டேன். எடுக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. திரும்பி வந்த படம் என் மேசை இழுப்பறையிலேயே கிடந்தது, அதை அவர் கேட்கவில்லை. அதன் பிறகு அவர் படி ஏறி வரவில்லை.

பக்கத்தை எடுத்த அன்று சாயங்காலம்தான் உட்கார்ந்து அந்தம்மாவுக்கு எழுதினேன். எல்லாவற்றையும் எழுதினேன், நான் விழுங்கிய வார்த்தையையும் சேர்த்து.

ஒரு மாதம் கழித்து உறை வந்தது. வெள்ளைத் தாளில் ஒட்டி ஒரு நூல், விரல் நீளம். ‘காத்திருக்கிறேன்’ என்று ஒரே வரி. தூக்கிக்கொண்டு சேலைக் கடைக்கு ஓடினேன். அவர் நின்ற இடத்தில் கண்ணாடி அலமாரி இருந்தது. அதில் சேலையும் ரவிக்கையும் சேர்த்தே பாக்கெட்டில் போட்டு அடுக்கியிருந்தார்கள்.

“வேலையை விட்டு நின்னுட்டாங்களே” என்றார் முதலாளி. “பந்திங் பக்கம் அண்ணன் வீடுன்னு சொன்னாங்க.”

“அவங்க பேரு என்னா அண்ணே?”

அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். “மேட்சிங்னுதான் நாங்க கூப்பிடுவோம்... இப்பச் சம்பளச் சீட்டுலயும் அதான் எழுதியிருக்கு. பழைய சீட்டெல்லாம் வெள்ளத்துல போச்சு லா.”

ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் பந்திங் போனேன். துணிக்கடை துணிக்கடையாக ஏறி, ஒல்லியாக, சாம்பல் சேலை கட்டிக்கொண்டு, படம் வரைகிற ஓர் அக்கா என்று சொல்லிப் பார்த்தேன். “பேரு என்னா?” என்று எல்லாரும் கேட்டார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. எனக்கு யார் மீது என்று தெரியாமல் ஆத்திரமாக வந்தது, பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன்.

திரும்பி வந்து, நூலையாவது யாரிடமாவது காட்டுவோம் என்று அதே சேலைக் கடைக்குப் போனேன். புதிதாகச் சேர்ந்த பெண் ட்யூப் லைட்டுக்குக் கீழே வைத்துப் பார்த்தாள். “மெரூன்தானே அக்கா” என்றாள். எனக்கும் அரக்காகத்தான் தெரிந்தது. அந்தம்மா சொன்னது சரிதான், அக்கா எங்கேயோ பிசகிவிட்டார் என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன். அஞ்சடியின் விளிம்பில், மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவே, கால் தானாக நின்றது.

வெயிலில் நூல் அரக்காக இல்லை.

மாடிக்கு ஓடி இழுப்பறையிலிருந்து படத்தை எடுத்துக்கொண்டு இறங்கினேன். தாளிலிருந்து நூலைப் பிரித்து, படத்தின் நடுவே காய்கிற கத்தரிப்பூ சேலையின் மேல் வைத்தேன். நூல் காணாமல் போய்விட்டது. குனிந்து, விரலால் தடவித்தான் அதைத் தேடி எடுக்க வேண்டியிருந்தது.

படத்தை அந்தம்மாவுக்கே மறுபடியும் அனுப்பினேன். நூலைச் சேலையின் மேலேயே ஒட்டி, ‘விளக்கு வெளிச்சத்தில் பார்க்க வேண்டாம். வெயிலில் வைத்துப் பாருங்கள்’ என்று எழுதினேன். பதில் வர மாதக்கணக்கில் ஆனது.

‘நீங்கள் எழுதியபோது இங்கே வெயிலே இல்லை’ என்று தொடங்கியிருந்தார். ‘குளிர் முடியட்டும் என்று காத்திருந்தேன். இன்று காலை ஜன்னலோரம் வெயில் வந்தது. அம்மா சேலையையும் எடுத்துவந்து பக்கத்தில் வைத்தேன். இத்தனை வருஷம் இதை நான் பெட்டிக்குள்ளும் விளக்கடியிலும்தான் பார்த்திருக்கிறேன். இதுதான் அம்மாவின் சேலை. அந்த அக்காவிடம் சொல்லுங்கள், நிறம் சரியாக இருக்கிறது.’

அந்தக் கடிதம் என்னிடம்தான் இருக்கிறது. துணிக்கடை வாசலில் யாராவது ஒரு பெண் துணியை வெயிலுக்குத் தூக்கிப் பிடித்து நிற்பதைக் கண்டால், இன்றும் கிட்டே போய் முகத்தைப் பார்க்கிறேன். அவராக இருந்தால் முதலில் பெயரைக் கேட்க வேண்டும். பிறகு கடிதத்தைப் பிரித்து, இந்தத் தடவை ஒரு வார்த்தையும் விடாமல் படித்துக் காட்ட வேண்டும்.